அந்த ஊசி இனி வராது

லண்டன், 10.6.2000

பெஞ்சமினின் அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலி தேவலையா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். ஆட்டிசம் போய்ப் பேச்சு வந்துவிடும் என்று நம் பிள்ளைக்கு ஹார்மோன் ஊசி போட்டாரே மாமல்லபுரம் டாக்டர், அவர் போன் செய்தார். "அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை ஓட்டல்ல ஊசி கேம்ப்பும்மா. அங்கேருந்து மருந்து வாங்கி அனுப்பு" என்றார்.

அந்த மருந்தை எங்கள் வார்டில் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நர்ஸ்களான எங்களுக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே பலன்தான், அந்த மருந்தும் உப்புநீரும் ஒன்றுதான்.

"அனுப்புறேன் சார்" என்றேன். அனுப்பப் போவதில்லை, கேம்ப்பில் வெறுங்கையோடு நிற்கட்டும். கோவளம் சாராளுக்கும் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் மகளுக்கும் அவர்தானே ஊசி போட்டார்!

"எல்லா அம்மாங்களையும் இட்டுகினு போறேங்க்கா, வுட மாட்டோம்" என்றாள்.

நீங்களும் போங்கள். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க நம் பிள்ளை அலறினான், அவர் சிரித்தார். அந்த மனுஷன் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும்.

யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். ஒரு கேசட்டும் வேண்டும். பெஞ்சமின் ஊஞ்சலில் முனகுவதைப் பதிந்து அனுப்புங்கள். பேசச் சொல்லி அவனைப் படுத்தாதீர்கள், எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

பிரிசில்லா