முதல் மட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எனக்கு முட்டிவலி தவிர ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்குத்தான் சரியில்லை. லீவு போட்டு வரட்டுமா என்று நீ போனில் கேட்டபோது அவர் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்ல, வயிற்றுக்கோளாறுதான், சரியாகிவிட்டது, வேண்டாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, நம் ஜனத்து முறை அவருக்குத் தெரியாது. கடலோரத்தில் மட்டிச் சிப்பி விளைகிற படுகையைச் சுற்றிக் கழி நட்டு மூடி வைத்தால் குஞ்சு மட்டி பெருத்து வரும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. திறக்கிற அன்றைக்குக் காவல் காத்தவன்தான் முதல் மட்டியைத் தின்ன வேண்டும். பொழுது சாயும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவர்கள் கூடையை இறக்குவார்கள். காவலுக்கு அவன் வயிறே சாட்சி. உங்கப்பா எத்தனையோ தடவை தின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு நின்ற மனுஷன்தானே. இந்தத் தடவை கடல்வளத் துறையிலிருந்து வருகிற பெண், எந்நேரமும் தண்ணீர்க் குப்பியோடு அலைவாளே, நாங்கள் குப்பிக்காரி என்று கூப்பிடுகிறவள், தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். தண்ணீரில் கெட்ட பாசி பெருகியிருக்கிற மாதிரி தெரியுது, மட்டி அதைத் தின்னா அதுவும் விஷம்தான், வேக வச்சாலும் போகாது, சோதனை முடிவு வரட்டும் ஐயா என்றாள். ஊரே கூடையோடு நிற்கிறது, இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் காவல்ல இருந்த மட்டி என்னை என்னம்மா செஞ்சிடும் என்று ஒரு கை நிறையத் தின்றார். ஒன்று தின்றால் போதாதா? பிடிவாதம் பிடித்த மனுஷன், எனக்கு வாய்த்தது அப்படி.

சாயங்காலத்துக்குள் வாந்தி, அப்புறம் வலிப்பு, அப்புறம் நினைவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தபோது கும்பிட்டேன், பிழைத்தார் என்று நினைத்தேன். பிழைத்தார்தான், ஆனால் புதிதாக எதுவும் அவர் மனதில் தங்குவதில்லை. சோறு தின்றது தங்காது, டாக்டர் சொன்னது தங்காது. விஷம் இறங்கிவிட்டது, அது தின்ற இடம் மூளையில் இனி முளைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தினம் விடிந்ததும் இன்னிக்குத்தானே திறப்பு என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். முதலில் நடந்ததையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். தினமும் அவருக்கு அது புதுசு. கேட்டவுடனே, வேற யாராவது தின்னாங்களா என்றுதான் கேட்பார். இல்லை என்றால் நல்லவேளை என்று பெருமூச்சு விடுவார், அப்புறம் சுவரைப் பார்த்து அழுவார். எத்தனை காலைதான் ஒரு மனுஷனை அப்படி அழ வைப்பது? சொல்வதை விட்டுவிட்டேன். முடிவு இன்னும் வரலை, நாளைக்குத்தான் திறப்பு என்று பொய் சொல்லிக் கஞ்சி கொடுக்கிறேன். போன வாரம் நான் துணி அலசுகிற நேரம் பார்த்து நழுவிவிட்டார். உன் மாமா ஓடிப்போய்ப் பார்த்தால் முழங்கால் தண்ணீரில் மட்டியைப் பிளந்து கையில் வைத்துக்கொண்டு, வாங்கடா எல்லாரும் என்று ஆளில்லாத கரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பிடுங்கி எறிந்ததற்கு மாமாவுக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. படுகையில் விஷம் இன்னும் இறங்கவில்லை என்று குப்பிக்காரி சொல்கிறாள்.

அதற்குப் பிறகு ஊர் கூடிப் பேசியது. காவலை மாமாவிடம் கொடுத்துவிட்டார்கள், இனி முடிவு வராமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றும் ஆகிவிட்டது. குப்பிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள், அவள் என்ன செய்வாள் பாவம். அப்பாவின் மட்டிக் கத்தியையும் துடுப்பையும் நான்தான் மாமாவிடம் எடுத்துக் கொடுத்தேன். அவரும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்து, சரியான முடிவு, காவல்காரன் ஒழுங்கா இல்லைன்னா மாத்தத்தான் வேணும் என்றார். யாருக்குப் பதிலாக என்று அவருக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழக்கூட முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்டி.

லீவு விஷயம் இதுதான். நீ வந்தால் உன்னை நன்றாக அடையாளம் தெரியும், பழையது ஒன்றும் போகவில்லை. கட்டிக்கொண்டு அழுவார். நீ குளித்துவிட்டு வந்தால் எப்போ வந்தே கண்ணு என்று மறுபடி கட்டிக்கொள்வார். நீ திரும்பிப் போன மறுநாள், பொண்ணு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலையே என்று என்னிடம் குறைப்படுவார். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, மாப்பிள்ளையிடம் எடுத்தெறிந்து பேசாதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். லீவுக்கு மறக்காமல் இன்றைக்கே சொல்லிவிடு. வந்தது அவர் மனதில் நிற்காது என்பதற்காக வராமல் இருந்துவிடாதே. எனக்கு நிற்கும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா