மழைநாளில் விடுமுறை இல்லை

1961 ஏப்ரல் 17

டைல்ஸ் தொழிற்சாலையில் இரண்டாவது வாரம். கால் கடுக்கிறது, மனசு கடுக்கவில்லை. பெல்ட்டில் வரும் டைல்களை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கிறது என்று யார் கண்டது? மேஸ்திரி அல்சீதே என் கண்ணைப் புகழ்ந்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் என் கண்ணை யாரும் புகழ்ந்ததில்லை. என் புருஷன் இவோவும்தான்.

பண்ணைக் காரியஸ்தரிடம், நான் மோதெனாவில் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விளைச்சலில் பாதியைக் கொடுத்து வாரத்துக்கு நிலம் உழுகிற குடும்பத்தில் எல்லார் கையும் பண்ணையாரின் நிலத்துக்கே என்பது ஒப்பந்தம். சித்தி பாவம், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

ஏப்ரல் 20

மாமனார் மெதார்தோ இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மாட்டிடம் சொல்வது போல என் காதில் போடுகிறார். இன்று சொன்னது: "கூரைக்குக் கீழ செய்யறதெல்லாம் ஒரு வேலையா?"

மே 4

கெட்டது குடி.

விடியும்போதே கொட்டுகிற மழை. திரும்பிப் படுத்துக்கொண்டேன். மழை என்றால் வேலை இல்லை, பிறந்ததிலிருந்து அதுதானே வழக்கம்? தொழிற்சாலை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. பழைய மக்காச்சோளக் களியைத் துண்டு போட்டு வறுத்தேன். ஆண்கள் தொழுவத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். மழைநாளில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று தெரிந்தே வருகிறவர் காரியஸ்தர். வந்தார். அடுப்படியில் உட்கார்ந்து ஒயின் குடித்தார். சித்திக்குத் தேவலையா என்று என்னைக் கேட்டார். தேவலை, காலையில்தான் திரும்பினேன் என்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் ஹாரன். அல்சீதே நனைந்துகொண்டே இறங்கினார். "சூளை எரியுது, பிரிக்க ஒரு ஆள் இல்ல. மலைமேல இருக்கற பொம்பளைங்க ஒருத்திகூட வரல. என்னம்மா ஆச்சு உங்களுக்கு?"

"மழை பெய்யுதே" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள கூரை இருக்கு, ஒனேலியா."

வேனுக்குள் என்னைப் போலவே வராமல் இருந்த நாலு பெண்கள் தலையில் சாக்கோடு, திருதிருவென்று முழித்துக்கொண்டு இருந்தார்கள். காரியஸ்தர் ஒயினை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். என்னிடம் பேசவில்லை. மாமனாரிடம் சொன்னார்: "சான் மார்த்தீனோவுக்குள்ள இவ வேலையை விட்டு நிக்கணும். இல்லேன்னா அன்னிக்கு நீங்க வண்டி கட்டுங்க."

நவம்பர் பதினொன்று, சான் மார்த்தீனோ. நிலத்தை இழந்தவர்கள் கட்டிலையும் கோழிக்கூண்டையும் வண்டியில் ஏற்றும் நாள். மாமனார் தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையாட்டினார்.

மே 5

மாமியார் தெசொலீனா இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் வெடித்தாள். "மூணு தலைமுறையா இந்த அடுப்பு அணைஞ்சதில்ல. நீ வந்து தண்ணி ஊத்திட்டேடி." ஓரகத்தி சைரா ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

விட்டுடலாமா? விட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும். ஆனா எனக்கு அந்த வேலை புடிச்சிருக்கு. ரெண்டு மணிக்குச் சங்கு ஊதினா முடிஞ்சுது, அப்புறம் என்னை யாரும் கூப்பிட முடியாது. இங்கே எந்த வேலை எப்போ முடிஞ்சிருக்கு? இதுக்காக ஒரு வீட்டையே நடுத்தெருவில நிறுத்தறதா? தெரியல.

மே 6

போனேன். யாரும் தடுக்கவில்லை.

ஜூலை 9

கதிரடிப்பு. அக்கம்பக்கத்தார் நமக்கு வருவதும், நாம் அவர்களுக்குப் போவதும்தான் முறை. இந்த வருஷம் பாதிப் பேர் ஷிப்டில். அதனால் கதிரடிக்கும் இயந்திரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். பாதிரியார் பூசையில் கோபித்துக்கொண்டார். கோபித்தவர் மத்தியானம் களத்துக்கு வந்து மூன்று தட்டு சாப்பிட்டார்.

மேலே இருக்கிற பண்ணை காலி. அந்த வீட்டில் ஐந்து பேருமே கீழே சசுவோலோவில் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள். கதவை ஆடு முட்டிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 28

ஷிப்ட் முடிந்து வந்து திராட்சை பறித்தேன். இடுப்பு கழன்றுவிட்டது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. சைரா பாடினாள், எல்லாரும் சேர்ந்து பாடினோம். மாமனார் என் வரிசைக்குப் பக்கத்து வரிசையில். திடீரென்று கேட்டார்.

"அந்தச் சூளை ராத்திரியும் அணையாதா?"

"அணையாது மாமா."

"கிறிஸ்துமஸுக்கு?"

"அப்பவும் எரியும். யாராவது பாத்துக்கணும்."

கொஞ்ச நேரம் பறித்தார். "மாடு மாதிரிதான்" என்றார். அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

அக்டோபர் 29

முடிவு செய்துவிட்டேன். நின்றுவிடுகிறேன் என்று இவோவிடம் சொன்னேன். அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே, "நீ நின்னா நான் போவேன். தம்பியும் போவான். எத்தனை பேரைக் காரியஸ்தர் நிறுத்துவார்?" என்றான். அடேயப்பா, இவனுக்குப் பேச வருகிறது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவன் சொன்னது சரிதான். ஆனால் அத்தை? அந்த அடுப்பை விட்டால் அவள் எங்கே உட்காருவாள்? நின்றுவிடுகிறேன் என்று மாமாவிடமும் சொல்ல வாயெடுத்தேன். "சாப்பிட்டுட்டுப் படு. இன்னும் நாள் இருக்கு" என்றார்.

நவம்பர் 8

வீட்டுக்குள் நுழைந்தால் காரியஸ்தர். மழைகூட இல்லை. காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறாராம்.

விஷயம் இதுதான். இந்தச் சரிவில் மூன்று பண்ணை காலி. வாரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மலை உச்சி ஊர்கள்வரை போய்த் தேடியிருக்கிறார். அங்கே இருப்பவர்கள் இறங்கினால் நேராகச் சூளைக்குத்தான் போகிறார்கள். மருமகள் வேலைக்குப் போனால் போகட்டும், நீங்கள் மட்டும் போய்விடாதீர்கள் என்று மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மாமனார், "அதை அவகிட்டதான் கேக்கணும். ரெண்டு மணிக்கு வருவா" என்றிருக்கிறார். அதனால்தான் அந்த மனுஷன் காத்திருந்தார்.

கையெல்லாம் வெள்ளைத் தூசியோடு நின்றேன். மாமனார் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். காரியஸ்தரை வைத்துக்கொண்டே கேட்டார்: "என்னம்மா சொல்றே? இருக்கறதா, போறதா?"

இந்த வீட்டில் பெண்களிடம் இதுவரை அப்படி எதுவும் கேட்டதில்லை. அத்தையைப் பார்த்தேன். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறாள். என் வார்த்தைக்கு தெசொலீனா பயப்படுகிறாள்! எனக்கு வெட்கமாக இருந்தது.

"இருக்கலாம் மாமா" என்றேன். வாய் திறந்தது திறந்ததுதான் என்று மிச்சத்தையும் சொன்னேன். "ஆனா பண்ணையார் வீட்டு அழுக்குத்துணி இனிமே இங்க வரக்கூடாது."

வாரத்துக்கு உழுகிற வீட்டுப் பெண்கள் பண்ணையார் வீட்டுத் துணியையும் துவைத்துக் கொடுக்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத வழக்கம். இங்கே வந்த நாளிலிருந்து அத்தை திங்கட்கிழமைதோறும் விடியுமுன்னே எழுந்து, குளிரில் ஓடைக்குப் போய்த் துவைக்கிறாள். விரல்கள் வளைந்துபோயிருக்கின்றன.

காரியஸ்தர் மாமனாரைப் பார்த்தார், இவள் சொல்வதெல்லாம் ஒரு பேச்சா என்பது போல.

"காதுல விழுந்துதில்ல?" என்றார் மாமனார்.

நவம்பர் 11

சான் மார்த்தீனோ. கீழ்ச்சாலையில் இரண்டு வண்டிகள் போயின. எங்கள் வண்டி கொட்டகையில், அதன்மேல் கோழிகள். புது ஒயின் திறந்தோம்.

நவம்பர் 13, திங்கள்

ஷிப்டுக்குக் கிளம்பும்போது சமையலறையில் வெளிச்சம். அத்தை கையை மடித்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"முழிப்பு வந்துடுச்சு. துவைக்க ஒண்ணும் இல்ல" என்றாள்.

"போய்ப் படுங்க அத்தை."

"எழுந்தப்புறம் யாராவது படுப்பாங்களாடி?"

மத்தியானம் வந்ததும் சைரா சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் போனதும் அத்தை மறுபடி படுத்து எட்டு மணிவரை தூங்கினாளாம். மாமனார் யாரையும் எழுப்பவிடாமல் தானே பால் காய்ச்சினாராம். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது.