ஏழை மண்

அக்கா,

பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்த வாசம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. கழுவிய தண்ணீர் இளம்பச்சையாக ஓடியது. பச்சையாகக் கரைந்து போவது செம்பு என்று நீ சொல்லியிருக்கிறாய். எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுவேன்.

உன் கடைசி விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுக்குப் போனோம். நகைப் பட்டறைத் தெருவில் இரண்டு பெண்கள் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத்தூள் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ சேலை நனைய அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். அத்தைக்கு மானம் போயிற்று.

"ஏட்டி, இதுக்கா அம்புட்டுத் தூரம் போயி உலோகம் படிக்கே?"

"இதேதான் அத்தை. இவிய சாக்கடையில அரிக்காவ, நாங்க மலையில அரிக்கோம்."

"அப்ப எங்களுக்கும் ஒரு பட்டம் வாங்கிக் குடு தாயி" என்றாள் அரித்துக்கொண்டிருந்தவர்களில் மூத்தவள்.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், மண்ணிலிருந்து உலோகம் எடுக்கத்தான் எல்லோருக்கும் தெரியுமே, அப்புறம் நீ எதற்கு ஆராய்ச்சி செய்கிறாய் என்று.

"நல்ல மண்ண முன்னாடி வந்தவிய எடுத்துட்டாவ. நமக்குக் கெடக்கது ஏழை மண்ணு. ஒரு வண்டி மண்ணுல ஒரு கைப்பிடி செம்பு இருந்தாலும் விடாம எடுக்கணும். கரியக் கம்மியா எரிச்சு எடுக்கணும். பொறவு வெளிய விடுற தண்ணிய ஆடு குடிச்சாலும் சாகப்படாது. எல்லாம் சேந்தாப்புல இன்னும் யாருக்கும் கைகூடல."

முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஆட்டு டாக்டருக்குப் படிக்கியளோ?" என்றார். நீ ஆமாம் என்றுவிட்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. விடுதித் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "கல்லக் காய்ச்சுற ஆசிட் புகைதான் எம் பிள்ளையக் கொன்னுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

நாளை என்னைப் பிளஸ் ஒன்னில் சேர்க்க அப்பா பள்ளிக்கு வருகிறார். காமர்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு உன் படிப்பு வேண்டும். அதற்குக் கணக்கும் அறிவியலும் எடுத்தாக வேண்டும். அவர் சைக்கிளை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். அடித்தால் தாங்கிக்கொள்வேன். அழுதால் என்ன செய்வேன்?

உன் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்த உன் விடுதித் தோழிகளிடம் அன்றைக்கே ஒன்று கேட்டு வைத்திருந்தேன். அவர்களும் நீ படுத்த அதே வாரம் காமாலையில் படுத்து, பிழைத்தவர்கள். அவர்கள் சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாளை அப்பாவிடம் சொல்ல என்னிடம் இருப்பது அது மட்டும்தான்:

"அக்கா கூடவே காமாலையில படுத்த பிள்ளைங்க தமிழும் சரித்திரமும் படிச்சாவ. அவியளுக்கு எந்தப் புகை பட்டுச்சுப்பா?"