துருத்தி தைத்தவன்

1928, ஐப்பசி, ஞாயிறு. ஜோலார்பேட்டை.

கொல்லையில் இரும்பு காய்ச்ச உலை போடப் பழைய சாமான் கடையில் வாங்கிய துருத்தி கிழிந்திருந்தது. ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை செய்யும் யேசுதாஸ் தோல் கொண்டுவந்து, வெயிலில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தான். தண்ணீர் கேட்டான். என் மனைவி டம்ளரில் கொடுக்காமல், செம்பை உயரத் தூக்கி அவன் கையில் ஊற்றினாள். தினமும் ரயிலில் அவன் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவன் நான். உலையில் கரியைப் பற்றவைத்தேன்.

அவன் குடித்துவிட்டுத் துருத்தியை அமுக்கினான். கரி கனன்றது.

"காத்து ஜாஸ்தியாவே வருது பாரு" என்று சிரித்தான். கிளம்பும்போது, "கிறிஸ்மஸுக்கு எங்கூட்டுக்கு வா தோஸ்து. சாப்புடுவ இல்ல?" என்றான்.

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அதை அவன் கவனித்துவிட்டான்.

"வேல இருந்தா உடு, பரவால்ல" என்றான்.

வேலை இருக்கிறது என்று தலையாட்டினேன்.