எஃபியின் பெயருக்கு நேரே எழுதிய சொல்

அன்பு மகள் கிறிசலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் குழந்தை எஃபியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரிலும் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கடிதத்தில் பார்த்து மனசு நிறைந்தது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, பள்ளிக்கூடக் கூரை மறுபடி ஒழுகுகிறது. எஃபி இப்போது பைபிளைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள், பண்ணை வீட்டுப் பெரிய பிள்ளைகளெல்லாம் வாய் பார்த்து நிற்கிறார்கள், நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், கோடையில் குழந்தையை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா. உனக்குக் கல்யாணத்துக்கு முன் பிறந்தவள் என்று ஊர் பேசக்கூடாதே என்று, நீ போன நாள் முதல் அவளை என் மகளாகவே வளர்த்துவிட்டேன், அவளும் என்னைத்தான் அம்மா என்பாள். இனியாவது அவளிடம் சொல்லிவிடு என்றார் அப்பா. நாளை நாளை என்று தள்ளினேன். அதற்குள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாக ஆள் எண்ணும் குடிக்கணக்கு வந்தது, வழக்கம்போல வாத்தியாரான அப்பா தலையில்தான் அந்த வேலை. மாவு மில் விதவை ஓகில்வி போன கணக்கில் வயசு நாற்பது, இந்தக் கணக்கில் நாற்பத்து மூன்று என்றாளாம். "மீதி ஏழு வயசை யாருக்கும்மா கடன் குடுத்தீங்க?" என்று கேட்டு, திருத்தி எழுதிவிட்டு வந்தார் அப்பா.

நம் வீட்டுத் தாளில் எஃபி பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். மகள்னு எழுதுங்க என்றேன். "ஊரையெல்லாம் திட்டிட்டு வந்து என் வீட்டுல நானே பொய் எழுதவா, எல்ஸ்பெத்?" என்றார். எழுதாட்டி நாளைக்கு உங்க கஞ்சியை நீங்களே காய்ச்சிக்குங்க என்று கத்தினேன், அழவும் செய்தேன். எழுதிவிட்டார். ராணியம்மாவின் சர்க்கார் தாளிலேயே மகள் என்று இருந்தால் அவளை யார் கொண்டுபோக முடியும் என்று நினைத்தேன் கண்ணு, பெற்றவளை யாரோ என்று நினைத்துவிட்டேன். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் அவர்தானே செய்வார், அதை நிறுத்திவிட்டு, நீ செய் என்றார், தன் வாய்க்கு அது தகாது என்பதுபோல. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணக்கைக் கட்டி அனுப்புமுன் நானே போய், அடிச்சு மாத்துங்க என்றேன்.

அவர் அந்தச் சொல்லை அடித்துப் பேத்தி என்று எழுதியதை எஃபி பார்த்துவிட்டாள், வாசிக்கத் தெரிந்த பிள்ளையாயிற்றே. கனடா அக்கா என்று சொல்வோமே, அவள்தான் உன் அம்மா என்று உட்காரவைத்துச் சொன்னேன். அழவில்லை. "உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சொல்லலையா?" என்றாள். அன்று முதல் என்னை அம்மா என்பதுமில்லை, பாட்டி என்பதுமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி "மிஸஸ் லோரிமர், கஞ்சி போதும்" என்கிறாள். அப்பா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு இது வேண்டியதுதான்.

பாதிரியாரின் தங்கை ஜூலையில் கப்பல் ஏறுகிறாள், அவள் துணையோடு அனுப்பி வைக்கிறேன், இனித் தடுக்கமாட்டேன். வந்த புதிதில் உன்னையும் மிஸஸ் என்றுதான் கூப்பிடுவாள். அதட்டாதே, அம்மா என்று சொல் என்று கெஞ்சவும் செய்யாதே, காத்திரு. மறைத்தது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல், எனக்காகப் பூசி மெழுகாதே. கஞ்சிக்கு உப்புப் போடு, சர்க்கரை அவளுக்குப் பிடிக்காது, மறந்துவிடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் ஒரே கூரையின் கீழ் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா, எஃபியின் பாட்டி,
எல்ஸ்பெத் லோரிமர்