நம் மகள் வரைந்த கூழைக்கடாக் கப்பல்

நான் ஹாரன் அடிக்கும் முன்பே திரும்பிப் பார்க்கிற என் ஸ்டெல்லாவுக்கு,

சபையின் ஆண்டுமலரில் இந்த வருடமும் உன் படத்தைப் போடலாமா என்று கேட்டார்கள். போன தடவை மாதிரியே, மேலே சிலுவை, நடுவில் நீ, கீழே குடும்பத்தார் பெயர். படம் வேண்டாம், எனக்கு ரெண்டு பக்கம் தாருங்கள், அவளிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்றேன். மலர்க் குழுச் செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பத்தாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டிய ஸ்கூல் வேன் டிரைவர் ரெண்டு பக்கம் எழுதுவானா என்று நினைத்திருப்பார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

முதலில் நல்ல செய்தி. நம்ம அபிஷாவின் கப்பல் வெளிவந்துவிட்டது.

பதறாதே, கடலில் இல்லை. வானத்திலும் இல்லை. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நீ இருந்தாய். அந்த விளையாட்டுக்குள்ளே ஓடுகிற கப்பல் இது. எங்கோ நட்சத்திரங்களுக்கு நடுவில் சண்டை நடக்கிறது. சண்டை போடுகிறவை ராட்சச ரோபோக்கள். ரெண்டு தென்னை மரத்தை ஒன்றன்மேல் ஒன்று நட்டால் வருகிற உயரம். அவ்வளவு பெரியவை அவ்வளவு தூரம் தானாகப் போக முடியாதாம். ஏற்றிக்கொண்டு போக ஒரு ராணுவக் கப்பல் வேண்டும். அந்தக் கப்பலை முதல் கோட்டிலிருந்து கடைசி ஆணி வரை வரைந்தது நம் மகள்.

அதற்குப் பெயர் 'கூழைக்கடா வகுப்பு'. வகுப்பு என்றதும் நான் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பயந்துவிட்டேன். ஒரே மாதிரி செய்த கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வகுப்பாம், நம்ம வேன் மாடல் மாதிரி. விண்வெளிக்குப் போகிற கப்பலுக்கு வீரமான பெயர் ஒன்று வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "அதுக்க வாயைப் பாத்துட்டுப் பேசுங்கப்பா" என்று படத்தைக் காட்டினாள். தேரூர் குளத்தில் வந்து இறங்குகிற கூழைக்கடாப் பறவை இருக்கிறதே, அதே மாதிரி கீழ்த்தாடை தொங்கித் திறக்கிறது. ரோபோக்கள் வரிசையாக நடந்து உள்ளே போய் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்கின்றன. முதலில் இறங்க வேண்டியது கதவுப் பக்கம். கடைசியில் இறங்க வேண்டியது உள்ளே. நம்ம வேனில் கூடவே வந்து நீ பிள்ளைகளை உட்கார வைத்த முறைதான். அவளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்தவள்தானே? வேறு பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி கெட்ட செய்தி. அது நான்தான்.

டீக்கடையில் யாராவது, "மகளுக்கு எங்க வேலை?" என்று கேட்பார்கள். "திருவனந்தபுரத்துல" என்பேன். "என்ன வேலை?" என்பார்கள். "விண்வெளிக் கப்பல் டிசைன் பண்ணுதா, மிலிட்டரி கப்பல்" என்பேன். இதில் ஒரு சொல் பொய்யா, சொல்லு. நம்ம மாவட்டத்தில் ராக்கெட் வேலையில் ஒரு சொந்தக்காரன் இல்லாத வீடு உண்டா? திருவனந்தபுரம் என்றாலே பாதிப் பேருக்கு அந்த நினைப்புத்தான். "ஓ, அங்கயா!" என்று அவர்களே கண்ணை விரிப்பார்கள். நான் டீயை ஊதிக் குடிப்பேன். 'கேம்' என்கிற ஒரு சொல் என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அதை டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாய்.

முடிவெட்டுகிற கடையில் எனக்கு முதல் நாற்காலி கிடைக்க ஆரம்பித்தது. சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டின் பாதுகாப்புக்காக உழைக்கும் நம் சபைப் பிள்ளைகள் என்று ஜெபத்தில் நம் மகளையும் சேர்த்துவிட்டார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆமென் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

இப்படி இருக்கும்போதுதான் நம்ம சபை மூப்பர் அண்ணன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பம். பையன் மஸ்கட்டில் இஞ்சினியர், லீவில் வந்திருக்கிறான். தகப்பனார் மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். மிலிட்டரி வீட்டுக்கு மிலிட்டரிக் கப்பல் செய்கிற பெண், இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்றார் மூப்பர். நான் அபிஷாவிடம், நல்ல ஆட்கள், வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். என்ன வேலை என்று அவர்களிடம் சொல்லியாச்சா என்று கேட்டாள். சொல்லியாச்சு என்றேன். அதுவும் பொய்யில்லை, பார்.

வந்தார்கள். என் தங்கச்சி முந்திரிக்கொத்தும் ஏத்தங்கா சிப்ஸும் செய்து வைத்திருந்தாள். நீ இருந்தால் நல்ல கப்புகளை எடுத்து வைத்திருப்பாய். நான் எடுத்தவற்றில் ரெண்டுக்குக் காது இல்லை. பையனின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, பிரியமாகத்தான் கேட்டார்.

"மோள் எந்த ராக்கெட் சென்டர்லயாக்கும் ஜோலி பாக்குது?"

"சென்டர் இல்ல அங்கிள். கேம் கம்பெனி. வீடியோ கேம்" என்றாள் அபிஷா.

முந்திரிக்கொத்து கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது என் வாயில் இருந்துதான் வந்தது. அபிஷா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க சொல்லலியா?"

"சொன்னேன் மக்களே. முழுசாச் சொல்லல."

மூப்பர் அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். பையனின் அப்பா நல்ல மனிதர் ஸ்டெல்லா, கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதனால் என்ன, அறிவுள்ள பிள்ளைதான், கல்யாணம் கழிந்து பேங்க் பரீட்சை எழுதட்டும், இந்த விளையாட்டையெல்லாம் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். மூப்பர் எனக்குக் கண்ணைக் காட்டினார். பழக்க தோஷத்தில் என் தலை பாதி ஆடிவிட்டது.

அபிஷா எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து, சிப்ஸ் தட்டை நகர்த்திவிட்டு டீப்பாய் மேல் வைத்தாள். "ஒரு தடவை பாத்திருங்க அங்கிள், பெறவு பேசலாம்" என்றாள்.

நானும் அதுவரை படமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஓடுகிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிவந்த மண் தரையில் கப்பல் இறங்கி, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. தூரத்தில் சண்டை முடிந்து ரோபோக்கள் திரும்பி வருகின்றன. ஒன்றுக்குக் கை இல்லை. ஒன்று காலை இழுத்து இழுத்து வருகிறது. கப்பலுக்குள்ளே டிரைவர் சீட்டில் ஒருத்தன். தோளில் துண்டு, முன்னால் தொப்பை. "நேரமாச்சு, நேரமாச்சு" என்று ஓயாமல் ஹாரன் அடிக்கிறான்.

பையனின் அம்மாதான் முதலில் சிரித்தார். "இது மோளுக்க அப்பனாக்கும்" என்றார். எல்லாரும் ஸ்கிரீனை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்கள். நான் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தேன். பலன் இல்லை. மஸ்கட் பையன் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்புறம் கதவைக் காட்டினார்கள். கதவில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கை கம்பியில். முந்தானையை இடுப்பில் சொருகியிருக்கிறாள். மற்றக் கையை நீட்டித் தலை எண்ணுகிறாள். எண்ணி முடித்துவிட்டு, டிரைவர் பக்கம் திரும்பாமலே சொல்கிறாள்.

"ஒரு ஆளு குறையுது. வண்டிய எடுக்காதீங்க."

குரல் கொடுத்தது அபிஷாதான். ஆனால் அந்த இழுப்பு யாருடையது? பிள்ளைகளை இறக்கி ஏற்றும்போது உன்னை யாராவது அவசரப்படுத்தினால், அந்தப் பக்கம் பார்க்காமலே நீ பேசுவாயே, அது. நீயாட்டி அது? உன்னைக் கேட்டுவிட்டுத்தான் வரைந்தாளா?

கப்பல் அசையவில்லை. சுற்றிலும் குண்டு விழுகிறது. டிரைவர் ஹாரனை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறான். பையனின் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"மிலிட்டரி கப்பல்னு சொல்லிட்டு ஒரு துப்பாக்கி கூட இல்லியே மோளே?"

"அடிக்குற வேலை இதுக்கு இல்ல அங்கிள். கொண்டு போனவங்களத் திருப்பிக் கொண்டாரணும். அதுதான் இதுக்க வேலை."

புகைக்குள்ளிருந்து கடைசி ரோபோ ஊர்ந்து வந்தது. அதை ஏற்றிக்கொண்ட பிறகுதான் தாடை மூடியது. பையனின் அம்மா பெருமூச்சு விட்டார். நானும்தான்.

பையனின் அப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நல்லா இருக்கிறது என்று மனசாரச் சொன்னார். பிறகு, "ஆனா நாலு பேருகிட்ட இது ஒரு ஜோலின்னு சொல்ல முடியாதே" என்றார்.

அவர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடையில் நான் செய்ததும் அதுதானே? இவ்வளவு பெரிய காரியம் செய்த பிள்ளையின் வேலையைப் பாதியாக வெட்டி விற்றது அவரா, நானா? அபிஷா லேப்டாப்பை மூடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"சொல்லலாம். இவ்வளவு நாளும் சொல்லாதது என் குறை. அவளுக்க ஜோலி இதுதான். பேங்க் பரீட்சை எழுத மாட்டா."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காது இல்லாத கப்பை எடுத்து, ஆறிப்போன காப்பியைக் குடிப்பது போல் பாவனை செய்தேன்.

மரியாதையாகவே விடைபெற்றுப் போனார்கள். பையனின் அம்மா அபிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேரனுக்காக அந்த விளையாட்டின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்து, ஒத்து வராது என்று மூப்பர் மூலம் தகவல் வந்தது. அண்ணனுக்கு என்மேல் வருத்தம். "ஏலே செல்லத்துரை, நீ அன்னைக்கு வாயை மூடிட்டு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தானே அண்ணே இவ்வளவும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். வேறு இடம் பார்க்கிறேன், இந்தத் தடவை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தக் கப்பலுக்கு என்ன கடா டே பேரு என்று கேட்டார்.

நான் செய்தது சரியா ஸ்டெல்லா? ஒரு நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டேனா? தாய் இருந்திருந்தால் வேறு மாதிரி முடித்திருப்பாள் என்று என் தங்கச்சி சொல்கிறாள். நீ என்ன சொல்லியிருப்பாய்?

அபிஷாவிடம் வருத்தமா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். அந்தப் பையன் சிரிப்பை அடக்க இருமியது அவளுக்குப் பிடித்திருந்ததாம். அப்புறம்தான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். துப்பாக்கி இல்லாத கப்பலை யார் விரும்புவார்கள் என்று கம்பெனியிலும் சண்டையாம். ஒரே ஒரு பீரங்கியாவது வை என்றார்களாம். இவள் முடியாது என்று உட்கார்ந்துவிட்டாளாம். இப்போது எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள், கடைசி ரோபோ வருகிற வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களாம். 'கூழைக்கடா' என்று சொல்ல வராமல் நாக்கைச் சுளுக்கிக்கொள்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதனால்தான் இந்த ரெண்டு பக்கம். நான் ஏமாற்றியவர்கள் எல்லாரும் இந்த மலரை வாசிக்கிறவர்கள்தான். அவர்கள் முன்னால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி டீக்கடையோ, சபையோ, சம்பந்தம் பேசுகிற இடமோ, யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: என் மகள் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவள். சண்டை ரோபோக்களை ஏற்றிப் போகிற கூழைக்கடா வகுப்புக் கப்பல் அவள் வரைந்தது. அது நிஜத்தில் எங்கேயும் பறக்காது. அதில் ஏறியவர்கள் ஒருத்தர் விடாமல் வீடு திரும்புவார்கள்.

அபிஷாவின் அப்பாவும்
உன் வீட்டுக்காரனுமாகிய
செல்லத்துரை