கரிசல் ரோட்டில் ஓடிய அப்பாவுக்கு

எங்கள் ஓட்டக்கார அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். அங்கேயும் விடியுமுன் எழுந்து, தூங்குகிறவர்களை எழுப்பித் தண்டால் எடுக்கச் சொல்லிப் பாடாய்ப் படுத்துகிறீர்களா?

பசுவந்தனையில் இந்த வருஷம் நல்ல மழை. ஞாயிறுதோறும் ஆள் திரட்டி வேலிக்கருவை வெட்டினீர்களே, அந்த ஊரணி நிரம்பிக் கிடக்கிறது. தெருவில் பாதிப் பேர் கையில் செல்போன் வந்துவிட்டது. தம்பி கோவில்பட்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், கூடவே தொப்பையும் சேர்ந்துவிட்டது. நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்களா?

நீங்கள் முதன்முதலாக ஓடிய நாளைச் சொல்லி இப்போதும் சிரிக்கிறோம். மில் வேலைக்குப் போகிற மனிதர் வெள்ளை டவுசரோடு விடியற்காலையில் ஓடினால் நம் பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்துவிட்டது என்றுதான். ஆடு பத்திக்கொண்டிருந்த சுப்பையா சித்தப்பா கம்பைப் போட்டுவிட்டு உங்கள் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் மனைவி அங்கேதானே வேலை பார்த்தார்.

"யாருக்கு என்னாச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லடே, ஒடம்புக்காக ஓடுதேன்."

"ஒடம்புக்கா? ஒருநா எங் கெடைக்கு வாங்க, ஆடு பத்தியே ஒடம்பு எறங்கிரும்!"

அன்று தொடங்கிய சிநேகம். சித்திக்குப் பிரசவத்தில் ரத்தம் வேண்டியிருந்தபோது ஷிப்டை விட்டுவிட்டுப் போய்க் கை நீட்டியதும் நீங்கள்தான். சித்தப்பா அழுதபோது, "ரத்தம் ஊறிக்கிடும்டே, நம்ம ஊரணிதான் ஊறமாட்டேங்குது" என்றீர்களாம்.

"இவ்வளவு ஓடினவருக்கே மாரடைப்பா?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆயுசை நீட்டவா ஓடினீர்கள்? எங்களைத் தோளில் தூக்கவும், ஒருவருக்கு ஒன்றென்றால் ஓடிப்போய் நிற்கவும் உடம்பு வேண்டும் என்றுதானே?

என் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். உங்களோடு தினமும் ஊரணி வரை நடந்தவள், நீங்கள் போனபின் வாசலைத் தாண்டவில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. காலையில் கட்டாயம் நடக்கச் சொன்னார் டாக்டர். கெஞ்சினேன், சண்டை போட்டேன்.

"ஏட்டி, நாலு பேரு காட்டுக்கும் மில்லுக்கும் பொறப்படுத நேரம். தாலியறுத்தவ எதுத்தாப்புல போனா நல்லாவா இருக்கும்?" என்றாள். அவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன் அப்பா.

போன வாரம் விதைப்பு. விதை உளுந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சித்தப்பா நம் வாசலில் வந்து நின்றார்.

"மதினி, வெளிய வாங்க."

"நல்ல நாளும் அதுவுமா எம் மூஞ்சியில முழிக்கவா வந்தீய? நல்ல சகுனம் பாத்துப் போங்கய்யா."

"அதுக்குத்தான் வந்திருக்கேன். நீங்க எதுக்க வராம நான் காட்டுக்குப் போமாட்டேன்."

சொன்னதோடு பெட்டியை இறக்கித் தெருவில் உட்கார்ந்தும்விட்டார். வெயில் ஏறியது. பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் விதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஈரம் காய்ந்தால் அவருக்கு இந்த வருஷமே போச்சு. கரிசல் உங்களுக்குத் தெரியாததா?

"ஈரம் காயுதுய்யா, போங்க!" என்று உள்ளேயிருந்து அம்மா அழுதாள்.

"காயட்டும். எம் பொண்டாட்டிக்கு உசிர் குடுத்த வீடு இது. இதவிட நல்ல சகுனம் எனக்கு எங்கன இருக்கு?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருக்கோடி வரை போனாள். திரும்பி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு எதிரே நடந்து வந்தாள். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் புஞ்சைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் வாசலில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மறுநாள் விடியுமுன்னே அம்மாவைக் காணவில்லை. பதறித் தேடினால், சித்தப்பா புஞ்சை வரப்பில் நிற்கிறாள். "மொளைக்கலன்னா எனக்குத்தானட்டி கெட்ட பேரு?" என்றாள். தன்னால் எதுவும் பொய்த்துவிடக் கூடாதே என்று தினமும் போய்ப் பார்த்தாள். நேற்று மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்து, "ஏட்டி, அம்புட்டும் மொளைச்சிட்டு!" என்றாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்றைக்கும் போயிருக்கிறாள். இனி பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நாளை முதல் அவளோடு நானும் நடப்பேன் அப்பா.

உங்கள் செல்லத்தில் கெட்டுப்போன
மூத்த மகள்